முதல் வரியில் ஒரு புள்ளி

எங்கள் மாலைப் பள்ளியில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுபட 'கணக்கு சார்'. காதுக்கு எட்டாத தூரத்தில் 'புள்ளி சார்'. இந்த இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியாது என்று இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம், "புள்ளின்னு கூப்பிடுறாங்களாமே. இந்த உடம்புக்குக் கோடுன்னு கூப்பிடாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். அவ்வளவு ஒல்லி மனிதர்.

நான் அந்தப் பள்ளியின் ஆபீஸ். ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே இருப்பது நான் ஒருத்திதான் என்பதால் என்னையே ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். "ஆபீஸ்கிட்ட கேளு." "ஆபீஸுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல." மூடு சரியில்லாத நாள்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். சார் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. அந்த இடம் வரும்போது அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பகலில் அது சின்னப் பிள்ளைகள் படிக்கும் கட்டடம். சுவரெல்லாம் பழப் படம், மிருகப் படம். மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் வந்து அந்தக் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்வார்கள். காவலாளி, தையல்காரி, பஸ் டிரைவர், மூன்று பிள்ளை பெற்ற அம்மா. யானைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எக்ஸ் என்றால் என்ன என்று யோசிப்பார்கள்.

சார் பகலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே எட்டு மணி நேரம் அடுத்தவர் எழுத்தில் தப்புத் தேடிவிட்டு, இங்கே வந்து இரண்டு மணி நேரம் அடுத்தவர் கணக்கில் தப்புத் தேடுவார். மகள் வெளியூரிலிருந்து எழுதிய கடிதத்தில்கூடப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினாராம். அதற்குப் பிறகு அவள் போனில்தான் பேசுகிறாள். நான் ஒருமுறை கேட்டேன்: "பகலெல்லாம் ஊரான் தப்பு, சாயங்காலமும் ஊரான் தப்பு. உங்க தப்பைப் பார்க்க உங்களுக்கு எப்போ சார் நேரம்?" சிரித்தார். "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கேம்மா" என்றார். அன்றைக்கு அது வெறும் கேலி.

அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கணக்கில் ஏழு வரி இருந்து, நான்காவது வரியில் தப்பு நடந்திருந்தால், அந்த வரியின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். அடிக்கமாட்டார், திருத்தமாட்டார். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார்க்கவும் மாட்டார். "முதல் தப்பு எங்கேன்னு தெரிஞ்சாப் போதும். மீதியெல்லாம் அது பெத்த பிள்ளைங்க" என்பார். தப்பு என்ன என்று கண்டுபிடிப்பது மாணவர் வேலை. நோட்டின் இடது பக்கம் கணக்குக்கு, வலது பக்கம் தப்புக்கு. தப்புச் செய்தவர் அந்த வலது பக்கத்தில் தன் சொந்த வார்த்தையில், தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். 'மைனஸை அந்தப் பக்கம் கொண்டு போகும்போது பிளஸ் ஆக்க மறந்துவிட்டேன்.' 'அடைப்புக்குள் இருந்த இரண்டாவது எண்ணைப் பெருக்காமல் விட்டுவிட்டேன்.' பஸ் டிரைவர் ஒருமுறை 'கவனக்குறைவு' என்று ஒற்றை வார்த்தையில் எழுதினார். சார் அதற்கும் ஒரு புள்ளி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தோறும் டெஸ்ட். ஒரு பருவத்துக்குப் பத்து டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தத்தில் ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஆனால் விடைத்தாளில் மார்க் போடமாட்டார். "மார்க்கப் போட்டா மார்க்கத்தான் பார்ப்பாங்க. புள்ளியப் போட்டா கணக்கைப் பார்ப்பாங்க" என்பது அவர் கட்சி. மார்க் எல்லாம் ஒரு நீளமான பதிவேட்டில் இருக்கும். அதை அவரும் நானும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். பருவம் தொடங்கும் அன்றே எல்லோருக்கும் பத்துக் கட்டத்திலும் பென்சிலால் சைபர் போட்டுவிடுவார். டெஸ்ட் நடக்க நடக்க அதன் மேல் பேனாவால் மார்க் ஏறும். பல வருடம் முன்பு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அதைக் கவனிக்காமல் கூட்டி, பாஸாக வேண்டிய ஒரு பெண்ணை ஃபெயிலாக்கிவிட்டாராம். நல்லவேளை, மறுநாளே கண்டுபிடித்துச் சரிசெய்தார். அன்று பிடித்த வழக்கம் இது. "காலிக் கட்டம் கண்ணுல படாதும்மா. சைபர் இருந்தா உறுத்தும். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் இல்ல, அந்த மாதிரி" என்றார். ஒரு தப்பைத் தடுக்க வந்த வழக்கம்தான். யாரும் குறை சொல்லமுடியாது.

அந்தப் பருவத்தில்தான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர். பதினாறு வருடமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து பட்டன் அழுத்திக்கொண்டிருந்தவர். சேரும்போது விண்ணப்பத்தில் 'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்' என்ற இடத்தில் எழுதத் தயங்கினார். வாயால் சொன்னார்:

"மேடம், லிஃப்டுக்கு மேல மோட்டார் ரூம்னு ஒண்ணு இருக்கு. பதினாறு வருஷத்துல ஒரு தடவகூட அதுக்குள்ள நான் போனதில்ல. ரிப்பேர்காரங்க வருவாங்க, பூட்டிக்குவாங்க, போயிடுவாங்க. நான் வெளியில ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பேன். எனக்கு அந்தக் கதவைத் திறந்து உள்ள போகணும்."

லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் தொழிற்பயிற்சி ஒன்று இருந்தது. அதற்குக் கணக்கில் தேர்ச்சிச் சீட்டு வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. அவருக்கு நாற்பது முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்தது கிடையாது. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக இறுக்கி எழுதப்பட்டிருந்தது.

முதல் டெஸ்டில் அவர் தாள் முழுக்கப் பச்சை. முக்கால்வாசிக் கணக்கில் முதல் வரியிலேயே புள்ளி. வகுப்பு முடிந்து ஆபீஸ் வழியாகப் போனவர், "என்ன மேடம், என் பேப்பருக்கு அம்மை போட்டிருக்கு" என்று தூக்கிக் காட்டினார். சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம், அதனால் நினைவிருக்கிறது.

மைனஸ் எண்கள் பலருக்குத் தகராறு. அவருக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழே இரண்டு தளம். "சார், மைனஸ் ரெண்டுல பிணவறை. அங்கிருந்து அஞ்சு மாடி ஏறினா மூணாவது மாடி, பிரசவ வார்டு. இதுல என்ன சார் குழப்பம்?" என்றார்.  சார் அந்த வாரம் முழுக்க ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். இருபத்திரண்டு வருடத்தில் தனக்குத் தோன்றாத உதாரணமாம்.

வாரம் ஏற ஏற அவருடைய புள்ளி முதல் வரியிலிருந்து மூன்றாவது வரிக்குப் போனது. பிறகு ஐந்தாவது. சில கணக்குகளில் புள்ளியே இல்லை. ஒருநாள் நோட்டை விரித்துக் காட்டி, "பாருங்க சார், புள்ளி கீழ இறங்குது, நான் மேல ஏறுறேன்" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

ஆறு டெஸ்ட் முடிந்தபோது பதிவேட்டில் அவர் வரிசை இப்படி இருந்தது: மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, எட்டு. மொத்தம் முப்பத்துநாலு. மீதி நாலு டெஸ்டில் பதினாறு எடுத்தால் போதும். தலா நாலு. எட்டு எடுக்கிற ஆளுக்கு நாலு எடுப்பது என்ன பெரிய மலையா?

அப்போதுதான் நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் எல்லா மார்க்கும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாணவர் போனுக்குத் தானாகவே தகவல் போகும். எனக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் அரை நாள் டீ குடித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஐந்து வகுப்பு மார்க்கையும் நான் ஏற்ற வேண்டும். அந்தக் கணினி மூன்று தடவை நின்றுபோனது. நான் எரிந்துகொண்டிருந்தேன்.

அச்சகத்துக்குப் போன் போட்டு சாரைக் கேட்டேன். "இந்தப் பென்சில் சைபரையும் ஏத்தணுமா?"

"ஏத்துங்கம்மா. அது இருந்தாத்தான் எனக்கு விட்டுப்போகாது."

கேட்டுவிட்டேன், கடமை முடிந்தது என்று ஏற்றினேன். பதிவேட்டில் பென்சில் பென்சிலாகத் தெரியும், பேனா பேனாவாகத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பென்சில் ஏது, பேனா ஏது? இன்னும் நடக்காத நாலு டெஸ்டையும் அது நடந்ததாகவே எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தது. அன்று மாலை சார் வகுப்பின் இருபத்திமூன்று பேர் போனுக்கும் ஒற்றை வரித் தகவல் போனது. லிஃப்ட்காரருக்குப் போனது இது: 'இதுவரை உங்கள் சராசரி நூற்றுக்கு 34. நிலை: தேர்ச்சி இல்லை.'

செவ்வாய்க்கிழமை வகுப்பே கொந்தளித்தது. தையல்காரி அழுதுகொண்டு வந்தார். பஸ் டிரைவர் என் மேசையைத் தட்டினார். நான் அவரைவிடச் சத்தமாகத் தட்டினேன். சார் பதிவேட்டை எடுத்துவந்து முதல்முறையாக எல்லோருக்கும் காட்டினார். "இது பென்சில் சைபர். கண்டுக்காதீங்க. யாரும் ஃபெயில் இல்ல" என்றார். சிரித்தார்கள். நான் அன்றே சைபர்களை அழித்துவிட்டேன். ஆனால் அந்தக் கணினி மாதத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும். திருத்தியதை யாருக்கும் சொல்லாது.

அன்று வராதவர் லிஃப்ட்காரர் ஒருவர்தான்.

"டூட்டி மாத்தியிருப்பாங்க" என்றார் சார். "அம்மா, நீங்க ஒரு போன் போட்டு அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க. பாவம், பயந்துடப் போறார்."

என் பங்கைச் சொல்கிறேன் என்றேனே, அந்த இடம் இதுதான். மறுநாள் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. லிஃப்டுக்குள் இருப்பார், அங்கே சரியாகக் கேட்காது, பிறகு போடலாம் என்று வைத்தேன். பிறகு புதுச் சேர்க்கை விண்ணப்பங்கள் வந்தன. பிறகு பிரிண்டர் கெட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, அது நினைவிலிருந்தே நழுவிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வரவில்லை. சார் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்.

"லிஃப்ட்காரர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"ம்" என்றேன்.

அந்த 'ம்' வாயைவிட்டுப் போன நொடியில், வீட்டுக்குப் போனதும் போன் போட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். போடவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. மறந்துவிட்டேன். வலது பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் சார் புள்ளி வைப்பார், அதனால் முழுசாகச் சொல்கிறேன்: நான் பொய் சொன்னேன். பொய் சொன்னதையும் மறந்தேன்.

மூன்றாவது வாரமும் ஆளைக் காணோம் என்றதும் சார் கிளம்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு அந்த 'ம்' நினைவுக்கு வந்தது. நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் முக்காலி இருந்தது. அதில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அவரா? வேலையை விட்டுட்டாரே. வீட்டுல போய்க் கேளுங்க" என்று ஒரு தெருவையும் கட்டடத்தையும் சொன்னார்.

நாலாவது மாடி. லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை. சார் ஒவ்வொரு மாடிக்கும் நின்று மூச்சு வாங்கினார். கதவைத் திறந்தவர் அவர் மனைவி. ஜன்னலோரத் தையல் மிஷினில் ஆஸ்பத்திரிச் சீருடை ஒன்று பாதியில் கிடந்தது. சாரைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"புள்ளி சார்தானே நீங்க? உட்காருங்க சார். தினமும் உங்க பேச்சுதான்."

"அவர் எங்கம்மா?"

"போன ஞாயித்துக்கிழமை விமானம் ஏறிட்டார் சார். வெளிநாட்டுல பெரிய பெரிய கட்டடம் கட்டுறாங்களாம். சாமான் ஏத்துற லிஃப்ட் ஓட்டணும். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார். ஏஜென்ட் ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தான். படிக்கிறேன், வரமாட்டேன்னு இவர்தான் சொல்லிக்கிட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை போன்ல மார்க் வந்துச்சு. ராத்திரி சாப்பிடல. நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு என்னமோ கணக்குப் போட்டார். காலையில ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு வர்றேன்னுட்டார்."

வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த ஞாயிறு வரை பதினாறு நாள். ஒரே ஒரு போன் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அவர் ஃபெயில் இல்ல" என்றார் சார்.  "அது தப்பான மார்க். நல்லாப் பண்ணிக்கிட்டிருந்தார். இப்ப வந்தாக்கூட நாலு டெஸ்டையும் ஒரே நாள்ல வைக்கிறேன். வரச்சொல்ல முடியுமா?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். மிஷின் பக்கத்தில் போய் அந்தச் சீருடையை எடுத்து மடித்தார். தைத்து முடியாத துணியை யாராவது மடிப்பார்களா?

"கையெழுத்துப் போட்டாச்சு சார். பாஸ்போர்ட்டையும் அங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். நடுவுல வர முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா அந்தப் படிப்புக்கு வயசு தாண்டிடும்." பிறகு சாரை நேராகப் பார்த்தார். "உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன், இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. படிப்பு நம்ம மண்டைக்கு ஏறல, அதுக்கு யார் என்ன பண்றதுன்னு மனசைத் தேத்திக்கிட்டுப் போயிருக்கார். பாஸாகியிருப்போம்னு தெரிஞ்சா தாங்கமாட்டார். முப்பது மாடி உயரத்துல நின்னு வேலை பார்க்கிறார் சார். மனசு அங்க இருக்கணும்."

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தார். "இதை உங்ககிட்ட சேர்க்கச் சொன்னார். பருவம் முடிஞ்சா நோட்டை ஒப்படைக்கணுமாமே. எனக்குத்தான் அந்தப் பக்கம் வர முடியல."

ஃபெயில் என்று நினைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போகிறவன் நோட்டை ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா? மேசையைத் தட்டின பஸ் டிரைவர் பாஸாகப் போகிறார். தட்டத் தெரியாதவன் போய்விட்டான். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. மார்க்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பு வழக்கம். நாங்கள்தான் பழக்கினோம்.

ஆபீஸுக்கு வந்து சார் நோட்டைத் திறந்தார். கடைசிக் கணக்கு, இடது பக்கத்தில், அந்த இறுக்கமான கையெழுத்தில்:

'ஆறு டெஸ்டின் சராசரி 34.
மீதி நாலு டெஸ்டில் வேண்டிய சராசரி எக்ஸ் என்க.
பத்து டெஸ்டுக்கும் சராசரி 50 வேண்டும். ஆகவே,
6 × 34 + 4 எக்ஸ் = 500
204 + 4 எக்ஸ் = 500
4 எக்ஸ் = 296
எக்ஸ் = 74.'

அதற்குக் கீழே கோடு போட்டு, 'முப்பத்துநாலு எடுக்கிறவன் எழுபத்துநாலு எடுக்கமாட்டான்' என்று எழுதியிருந்தது.

சார் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். லிஃப்ட்காரர் எக்ஸைத் தானே வைத்து, சமன்பாட்டைத் தானே அமைத்து, ஒரு இடம் வழுக்காமல் தீர்த்திருந்தார். யாரும் கொடுக்காத கணக்கு. பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்கு. சார் இத்தனை வருடம் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கணக்கைத் தானாகப் போட வேண்டும் என்றுதான் தொண்டை வற்றக் கத்தினார்.

"ஒரு தப்பு இல்லம்மா" என்றார். "படிச்சுட்டான். நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் படிச்சுட்டான்."

அதுவரை மாணவர் யாரையும் 'அவன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சைப் பேனாவை எடுத்தார். முதல் வரிக்கு நேராக, '34'க்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைத்தார். கணினி பத்தால் வகுக்காமல் நடந்த ஆறு டெஸ்டால் வகுத்திருந்தால் அந்த இடத்தில் 56-க்கு மேல் வந்திருக்கும். பிறகு வலது பக்கத்தில், தப்புச் செய்தவர் எழுத வேண்டிய பக்கத்தில், தானே எழுதினார்:

'நடக்காத டெஸ்டுக்குச் சைபர் போட்டேன். அவர் எவ்வளவு முன்னேறினார் என்பதை அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.'

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. "சார், நான் அவர்கிட்ட பேசவே இல்ல. சொல்லிட்டேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்" என்றேன்.  திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.  அவர் வரிக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதினேன். இருபத்திமூன்று பேர் மார்க்கை ஒரே நாளில் ஏற்றியவள் நான். ஒரு வரி எழுத அவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது.

அதன் பிறகு சார் பென்சில் சைபர் போடவில்லை. விடைத்தாளில் புள்ளிக்குப் பக்கத்தில் மார்க்கும் போட ஆரம்பித்தார். ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். ஏற்கெனவே பாதிதான். வகுப்பில் மைனஸ் எண் வரும்போது லிஃப்ட் உதாரணத்தைச் சொல்வதில்லை. 'நூறு ரூபாய் கடன்னா மைனஸ் நூறு' என்ற பழைய உதாரணத்துக்கே போய்விட்டார்.

பருவம் முடிந்த கடைசி நாள், ஏழு மணி இருக்கும். சார் தேர்ச்சிப் பட்டியலில் கையெழுத்துப் போட ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எங்கள் ஆபீஸ் போன் கிழட்டுப் போன். அந்தப் பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"மேடம், நான்தான் லிஃப்ட்காரன். சார் இருக்காரா?"

நான் போனை நீட்டினேன். சார் எழுந்து நின்று வாங்கினார்.

"சார், நல்லா இருக்கீங்களா? சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். மன்னிச்சிருங்க. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

"அதெல்லாம் இல்ல தம்பி. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் சார். இங்க மைனஸ் மாடியெல்லாம் கிடையாது, எல்லாம் மேலதான்." அவர் சிரிப்பது கேட்டது. பின்னால் காற்று இரைந்தது. "சார், நோட்டு வந்து சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு."

"கடைசிப் பக்கம் பார்த்தீங்களா? நானாப் போட்ட கணக்கு. எழுபத்துநாலு வந்துச்சு. அது சரியான்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்கயாவது புள்ளி வெச்சீங்களா சார்?"

அந்த நோட்டு மேசை இழுப்பறையில்தான் இருக்கும். சார் அதை வெளியே எடுத்து வைத்திருந்தார். தினமும் எடுத்து வைப்பார். பக்கம் திறந்து கிடந்தது. சார் அந்தப் பச்சைப் புள்ளியைப் பெருவிரலால் மூடினார். சொல்லிவிடுங்கள் சார் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதனுக்குத் தெரிய வேண்டாமா, அவன் மக்கு இல்லை என்று? பிறகு அந்த அம்மா மடித்த பாதித் துணி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"இல்ல தம்பி" என்றார் சார். "ஒரு புள்ளிகூட வைக்கல. எல்லா வரியும் சரி."



"அப்போ எனக்குக் கணக்கு வந்திருச்சா சார்?"

"வந்திருச்சுப்பா."

"கொஞ்சம் லேட்டா வந்திருச்சு, இல்ல சார்?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சிரித்தார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. "வெச்சிடுறேன் சார், மேல கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டார்.

சார் போனை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் வாங்கி வைத்தேன். பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நீட்டினேன், போட்டார். புள்ளியை மூடிய பெருவிரலில் பச்சை மை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அது என்றைக்கோ காய்ந்துபோன மை.